வடக்கு வாசலில் நிறுத்திய ஆள்

இதைப் படித்துவிட்டு எந்தப் படத்தில் வந்தது என்று கேட்கப் போகிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். கதை கட்டுகிற மூளை எனக்குக் கிடையாது. என் பெயர் திருமலை. ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பதினாறு வருஷமாக பவர் பிரஸ், அதாவது இரும்புத் தகட்டை அடித்து வெட்டுகிற மெஷின், ஓட்டுகிறேன். மெஷின் எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மணிக்கு ஓடியது என்று நிமிஷக் கணக்கில் எழுதியே பழகிய கை இது. அதனால்தான் அன்றைக்கு நடந்ததையும் நேரத்தோடு சொல்ல முடிகிறது.

இன்னொன்று. இது ராத்திரி நடக்கவில்லை. பட்டப்பகல். போன அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, மத்தியானம் இரண்டே காலிலிருந்து ஐந்து மணிக்குள். மத்திகிரியில் நான் குடியிருக்கிற வாடகை வீட்டின் முன்னறையில். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. தெருவில் டவுன் பஸ் போனது. பேய் என்றால் பன்னிரண்டு மணிக்கு மேல்தான் வரும் என்று நினைத்திருந்த முட்டாள்களில் நானும் ஒருவன்.

முதலில் சவரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

சவரியப்பன். 2012இல் எனக்கு அறைத்தோழன். இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனி, ஒரே மெஷின். காலை ஆறு மணி ஷிப்ட் அவன் பார்த்தால் மத்தியானம் இரண்டு மணி ஷிப்ட் நான். அடுத்த வாரம் மாறிக்கொள்வோம். அறையில் ஒரு கட்டில், ஒரு தலையணை, ஒரு பழைய கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு கேம். வெல்மோர்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அது சுட்டுத் தள்ளுகிற விளையாட்டு இல்லை. நாலு பேர் கொண்ட ஒரு கூட்டம் கோட்டை கோட்டையாகப் போகும். பேசலாம், மருந்து வாங்கலாம், சண்டை போடலாம். முடிக்க மாதக் கணக்கில் ஆகும். நாலு பேருக்கும் நாமே பெயர் வைக்கலாம். ஈட்டி பிடித்தவனுக்கு சவரி தன் பெயரையே வைத்தான். நான் ஷிப்டுக்குப் போகும்போது விட்ட இடத்திலிருந்து அவன் ஆடுவான். அவன் விட்ட இடத்திலிருந்து நான். கீபோர்டு மேல் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போவோம். 'மூணாவது கோட்டை முடிஞ்சுது. மருந்து கம்மியா இருக்கு, பார்த்து ஆடு.'

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. சங்கு ஊதினாலும், அடுத்த ஆள் வந்து மெஷின் முன்னால் நிற்கும் வரை இருக்கிற ஆள் நகரக் கூடாது. அடுத்த ஆள் வரவில்லை என்றால் இவனே இன்னொரு எட்டு மணி நேரம் நிற்க வேண்டியதுதான். அதை டபுள் என்போம்.

வெல்மோரிலும் அப்படி ஓர் இடம் இருந்தது. கடைசிக் கோட்டையின் வடக்கு வாசல். நாலு பேரில் ஒருவனை அங்கே காவலுக்கு நிறுத்திவிட்டு மற்ற மூவரும் உள்ளே போக வேண்டும். மூன்று தடவை மணி அடிப்பதற்குள் திரும்பி வந்து ஆள் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் காவலுக்கு நின்றவன் செத்துப்போவான். இது நம்ம கம்பெனியேதான்டா என்று சவரி விழுந்து விழுந்து சிரிப்பான்.

அந்தக் கோட்டைக்கு நான் வந்து சேர்ந்த நாள், எனக்கு இரண்டு மணி ஷிப்ட். எழுந்திருக்க மனசு வரவில்லை. ஒரு மணிக்கு சூப்பர்வைசர் போனில் சவரியைக் கூப்பிட்டேன். வயிற்று வலி என்றேன். ஏழு மணி நேரம் நின்று களைத்திருந்தவன் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

"சரி, நீ படுத்துக்க. நான் நிக்கிறன்."

ராத்திரி ஒன்பது மணிக்கு நான் கேமை முடித்தேன். பத்து மணிக்கு அவன் வண்டியை எடுத்தான். பாகலூர் ரோட்டில், விளக்கில்லாமல் நின்ற லாரிக்குப் பின்னால்... தூங்கிவிட்டான் என்றார்கள். பதினாறு மணி நேரம் நின்றவன் தூங்காமல் என்ன செய்வான்?

அந்த வயிற்று வலி பொய் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவி பிரவீனாவிடம்கூட. அன்றிலிருந்து வெல்மோரைத் தொடவும் இல்லை.

பதிமூன்று வருஷம் கழித்து அதே விளையாட்டைப் புதிதாகச் செய்து வெளியிட்டார்கள். கேன்டீனில் போனில் அதன் விளம்பரத்தைப் பார்த்தேன். அதே கோட்டை, அதே பாட்டு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆசை என்று சொல்லுங்கள், கொழுப்பு என்று சொல்லுங்கள். புதன்கிழமை ராத்திரி முழுக்க டவுன்லோடு ஓடியது. வியாழக்கிழமை எனக்கு இரண்டு மணி ஷிப்ட்.

காலை ஷிப்டில் அதே மெஷினில் இருந்தவன் ஹரீஷ்குமார். பாகலூர்ப் பையன், இருபத்து நாலு வயசு. தை மாதம் கல்யாணம். முந்தின ராத்திரி அக்காவுக்கு வளைகாப்பு, சொந்தக்காரர்களைக் கொண்டுபோய் விடவே விடிந்துவிடும், தூங்காமல்தான் வேலைக்கு வரப் போகிறேன் என்று என்னிடமே சொல்லியிருந்தான். பிரஸ் வேலையில் ஒவ்வொரு அடிக்கும் கை உள்ளே போய் வர வேண்டும். கண் அசந்தால் விரல் மிஞ்சாது. எல்லாம் தெரிந்துதான் சூப்பர்வைசர் ஜெகதீஷ் போனில் அவனைக் கூப்பிட்டேன். மணி 1.10.

பிரவீனாவுக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரி போக வேண்டும், டபுள் பார்க்க முடியுமா என்று கேட்டேன். கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னான்.

"சரிணா. அண்ணியப் பாருங்க. நான் நிக்கிறன்."

சுருக்கென்றது. ஆனாலும் போனை வைத்தேன். பிரவீனா தையல் கம்பெனியில் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தாள். ஆறு மணிக்குத்தான் வருவாள்.

2.15. கதவைச் சாத்தி, திரைச்சீலையை இழுத்துவிட்டு ஆரம்பித்தேன். வெளியே தூறல். டிவிக்கு முன்னால் தரையில் நான், கையில் கேம் கண்ட்ரோலர். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

2.40. நாலு பேரும் சேர்ந்தார்கள். புது கேமில் தலைவனுக்கு மட்டும்தான் நாம் பெயர் வைக்க முடியும். மற்ற மூவருக்கும் கம்பெனி வைத்த பெயர்தான். இரண்டு பேருக்கு அப்படித்தான் இருந்தது. ஈட்டிக்காரன் தலைக்கு மேல் மட்டும்... சவரி.

பழைய கேம் அக்கவுண்டிலிருந்து எடுத்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எங்களிடம் இருந்தது பஸ் ஸ்டாண்டு பக்கம் வாங்கிய திருட்டு சிடி. அதில் ஏது அக்கவுண்ட்?

3.05. நான் நடந்தால் மூவரும் பின்னால் வர வேண்டும். இரண்டு பேர் வந்தார்கள். ஈட்டிக்காரன் நின்றான். அவன் தலைவனைப் பார்க்கவில்லை. திரைக்கு வெளியே பார்த்தான். என்னை.

3.18. கூலன்ட் வாடை அடித்தது. மெஷினில் ஊற்றுகிற வெள்ளைத் தண்ணீர், அந்தப் புளித்த வாடை. என் கையை முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசம்தான் வந்தது.

3.20. பக்கத்து நாற்காலி நெறுநெறுத்தது. ஒரு கனமான ஆள் உட்கார்ந்தால் வருகிற சத்தம். சண்டை நடந்துகொண்டிருந்தது. பூனை ஏறியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

3.58. இதில் கோட்டைகளை எந்த வரிசையிலும் போகலாம். நேராக அங்கேதான் போனேன். வடக்கு வாசல்.

யாரைக் காவலுக்கு நிறுத்துவது என்று கேம் கேட்டது. நான் எந்தப் பட்டனையும் தொடவில்லை. சவரி என்ற பெயர் தானாகவே மஞ்சளாக மாறியது. அவன் போய் வாசலில் நின்றான்.

மற்ற இருவரோடு உள்ளே போனேன்.

4.07. முதல் மணி.

4.13. இரண்டாவது மணி. திரும்பியிருக்க வேண்டும். இன்னும் ஓர் அறை பாக்கி இருந்தது. அதையும் பார்த்துவிடலாம் என்று உள்ளே போனேன்.

திரையின் அடியில் பேச்சுப் பெட்டி திறந்தது. கேமில் எல்லாப் பேச்சும் இங்கிலீஷில்தான் வரும். இதுவும் இங்கிலீஷ் எழுத்துதான். ஆனால் வார்த்தை தமிழ். நாம் வாட்ஸப்பில் அடிப்போமே, அந்த மாதிரி.

'ஆள் வரல.'

கை நின்றுவிட்டது.

4.16. 'தூக்கம் வருது.'

வாடை அதிகமானது. வலது பக்கத்திலிருந்துதான் வந்தது. கழுத்தைத் திருப்பினால் போதும்.

திருப்ப முடியவில்லை.

4.18. 'அவனுக்கும் தூக்கம் வருது.'

எவனுக்கு?

ஹரீஷ்.

4.20.

'நீ போறியா... நான் போகட்டா?'

கண்ட்ரோலரில் எல்லாப் பட்டனையும் அமுக்கினேன். ஒன்றும் வேலை செய்யவில்லை.

4.22.

கர்ர்ர்... என்று நாற்காலி இழுபட்டது.

மூன்றாவது மணி அடித்தது.

வாடை இல்லை.

திரையில் வடக்கு வாசல். வாசலில் யாரும் இல்லை.

அப்போதுதான் திரும்பினேன். நாற்காலி பின்னுக்குத் தள்ளிக் கிடந்தது. சாத்தி வைத்த கதவு திறந்திருந்தது.

4.24க்கு ஜெகதீஷுக்குப் போன் அடித்தேன். முழுசாக அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. லுங்கியோடு வண்டியை எடுத்தேன். மழையில் எப்படிப் போனேன் என்று தெரியாது. கையை எடுடா, கையை வெளியே எடுடா என்று வழியெல்லாம் கத்திக்கொண்டே போனது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

4.51க்கு கம்பெனி கேட். செக்யூரிட்டி என் கோலத்தைப் பார்த்துத் தடுத்தார். தள்ளிவிட்டு ஓடினேன்.

எங்கள் பிரஸ் நின்றிருந்தது. சுற்றிலும் ஏழெட்டுப் பேர். நான் முதலில் பார்த்தது தரையை. ரத்தம் இருக்கிறதா என்று.

இல்லை.

ஜெகதீஷ் வெளுத்துப் போயிருந்தார். 4.31க்கு மெஷின் ரிபீட் அடித்துவிட்டது என்றார். ஒரு அடி முடிந்து கை உள்ளே போகிற நேரத்தில், சுவிட்சை அமுக்காமலே தானாக இன்னொரு அடி இறங்கும். அதுதான் ரிபீட். பதினாறு வருஷத்தில் மூன்று பேருடைய கையை அது எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். சத்தம் கேட்டு ஓடி வந்தபோது மெஷின் முன்னால் யாருமே இல்லை என்றார் ஜெகதீஷ்.

ஹரீஷ் ரெஸ்ட் ரூம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். இப்போதுதான் எழுப்பினார்களாம். அவன் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பத்து விரலும் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

மெஷினை விட்டு எப்படி வந்தாய் என்று கேட்டேன். அவன்தான் குழம்பிப் போனான்.

"நீங்க அனுப்புன ஆளு வந்து மாத்திவிட்டாருணா. திருமலைக்குப் பதிலா வந்துகீறன், நீ போய்ப் படுன்னாரு. டீக்கு இன்னும் நேரம் இருக்குதேன்னு அப்பத்தான் மணி பாத்தன். நாலு இருபத்திரண்டு."

எப்படி இருந்தார் என்றேன். காக்கிச் சட்டை என்றான். எங்களுக்கு நீலச் சட்டை வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. பழைய ஆள் போல என்று அவன் நினைத்திருக்கிறான்.

கேட்டில் அப்படி யாரும் உள்ளே வந்ததாகப் பதிவு இல்லை. மெஷின் எண்ணிக்கையில் 4.22க்கும் 4.31க்கும் நடுவில் அறுபத்து மூன்று பீஸ் ஏறியிருந்தது. அறுபத்து மூன்றும் நல்ல பீஸ்.

அன்று ராத்திரி பிரவீனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வயிற்று வலியையும் சேர்த்து. அவள் எழுந்து போய்க் கதவைத் தாழிட்டு வந்தாள். பிறகு, நாளைக்கே அந்தப் பையனிடம் உண்மையைச் சொல்லிவிடு என்றாள். ஒரு வாரம் தள்ளிப் போட்டேன்.

அடுத்த வியாழக்கிழமை கேட்டுக்கு வெளியே டீக்கடையில் ஹரீஷை நிறுத்தி, அண்ணிக்கு அன்றைக்கு ஒன்றும் இல்லை என்று ஆரம்பித்தேன். தெரியும்ணா என்றான். யார் சொன்னது என்று கேட்டேன்.

கிளாசைக் கீழே வைத்தான்.

"அந்த ஆளுதான்ணா சொன்னாரு. உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு நான் சொல்லல. உங்க வூட்ல இருந்துதான் நேரா வந்தாராம். ஒரு மணி நேரமா உங்க பக்கத்துலயே உக்காந்திருந்தாராம்... நீங்க ஒரு தபாகூட திரும்பிப் பாக்கலயாம்."