மாமியார், எண்ணிக்கை முந்நூற்று நாற்பது

அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆளாளுக்குக் கண்ணும் காதும் மூக்கும் வைத்துக் கதை கட்டிவிட்டார்கள். என் மேல் தப்பே இல்லை. சரி, இருந்தாலும் கால்வாசிதான். மீதி முக்கால்வாசி பிரேக் அண்ணனுடையது.

பிரேக் அண்ணன் எங்கள் அலுவலகத்து ஜீப் டிரைவர். எங்களுடையது தாவரக் கணக்கெடுப்பு அலுவலகம். இரண்டு அறை, ஒரு மின்விசிறி, பழைய செய்தித்தாள்களுக்கு நடுவில் அமுங்கிக் காய்ந்துகொண்டிருக்கும் ஆயிரம் செடிகள். இங்கே வருவதற்கு முன் அண்ணன் பதினெட்டு வருடம் சரக்கு லாரி ஓட்டியவர். செடி என்றால் டயரில் சிக்கிக்கொள்ளும் ஒன்று என்பதுதான் அவருக்குத் தெரிந்த தாவரவியல். ஆனால் வந்த ஒரே வருடத்தில் மனிதருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. பக்கத்தில் எங்கள் தாவரவியல் மேடம் உட்கார்ந்திருக்க, நன்றாக ஓட்டிக்கொண்டே இருப்பார், திடீரென்று பிரேக். "மேடம், அந்தப் பள்ளத்துல ஊதா கலர்ல ஒண்ணு நிக்குதே, பாத்தீங்களா?" அவர் பார்த்துவிட்டார், என் நெற்றி மூன்று தடவை கண்ணாடியில் மோதிவிட்டது. தட்டச்சு செய்கிறவளுக்கு ஜீப்பில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். மேடத்துக்குக் குடை பிடிக்க ஆள் வேண்டுமாம்.

அண்ணனுக்கு ஒரே ஒரு குறை, பெயர் மனதில் நிற்காது. மேடம் ஒவ்வொரு செடிக்கும் நீளமாக லத்தீனில் ஒரு பெயர் சொல்வார். "அத வாயில வெச்சுக்கிட்டு கியர் மாத்த முடியாது மேடம்" என்பார் அண்ணன். ஆனால் ஒரு தடவை பார்த்த செடியை மறக்க மாட்டார். தண்டை விரல்களுக்கு நடுவில் உருட்டிப் பார்ப்பார். உருண்டால் புல், முனை தட்டினால் கோரை. பிறகு பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவார். எந்தக் குருவி விதையைக் கொத்துகிறது, எந்தப் பட்டாம்பூச்சி முட்டை வைக்கிறது, எந்தத் தவளை அடியில் ஒளிகிறது என்று ஒரு மணி நேரமானாலும் அசையாமல் பார்ப்பார். எனக்குக் குடை பிடித்துக் கை மரத்துப்போகும்.

"ஒரு வீட்டப் பத்தித் தெரிஞ்சுக்கணும்னா வாசல்ல யாரு செருப்பு கிடக்குதுன்னு பாக்கணும் தங்கச்சி. செடியும் அப்படித்தான்" என்பார்.

அலுவலகத்துக்கு எதிரே, சாலையைத் தாண்டினால் ஒரு பெரிய புல்வெளி. அது சரிந்து இறங்கி ஒரு சதுப்பில் முடியும். ஊருக்கு அது கொசுப் பண்ணை. அண்ணனுக்கு அது சொர்க்கம். மதியச் சாப்பாட்டை அங்கேதான் கொண்டுபோய்ச் சாப்பிடுவார். அந்த இடத்தில் மண்ணைக் கொட்டி மேடாக்கி லாரி நிறுத்துமிடம் கட்டப்போகிறார்கள் என்று உத்தரவு வந்தது. பதினெட்டு வருடம் லாரி ஓட்டிய மனிதர், லாரி நிறுத்த இடம் வருகிறது என்று கேட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை.

உத்தரவில் ஒரு விதிவிலக்கு இருந்தது. அந்த மண்ணுக்கே உரிய செடிகளில் முப்பது வகையாவது அங்கே இருப்பதாகவும், அவற்றால் பறவை, பூச்சி, விலங்குக்கு என்ன பயன் என்றும் எழுதிக் கொடுத்தால் நிலத்தைத் தொட மாட்டார்கள். மேடம் உடனே இறங்கினார். இரண்டாம் நாள் ஒரு பூவைப் படமெடுக்கப் பின்பக்கமாகவே நடந்து, சேற்றில் விழுந்து, கால் முறிந்துபோனது. "கேமரா நனையல!" என்றுதான் முதலில் கத்தினார். அவரைத் தூக்கிக்கொண்டு போகும்போது அண்ணனிடம் சொன்னார்: "மீதிய நீங்க எழுதுங்க. இந்த மண்ணுக்குச் சொந்தமானது மட்டும்தான். வெளியிலேருந்து வந்து புகுந்தது எதுவும் வேண்டாம்."

அண்ணன் பத்து நாள் முழங்கால் சேற்றில் நின்று எழுதினார். முப்பத்தொரு வகை. எண்ணிக்கை, பயன், எல்லாம் கச்சிதம். பெயர் என்ற கட்டத்தில் மட்டும் அவருடைய சொந்தக்காரர்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

"அண்ணே, இது என்ன? மூத்த சகலை, ஆயிரத்து இருநூறு?"

"பேரு நிக்க மாட்டேங்குது தங்கச்சி. ஆளு நிக்குது. குணத்துக்குக் குணம் பொருத்தி வெச்சிருக்கேன். மேடம் பாத்தா புரிஞ்சுக்கிட்டு லத்தீன் போட்டுக்குவாங்க."

"ஆகாயத்தாமரை எங்கே? தண்ணி பூரா அதுதானே?"

"அவன் வெளியாளு. ஒரு மாசம்னு வாடகைக்கு வந்து வீட்டையே வளைச்சுப் போட்டவன். அவன் பேரு சேராது."

நான் தட்டச்சு செய்தேன். கேள்வி கேட்பது என் வேலையில்லை என்று இருபது வருடமாக எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கடைசி வரியில், "மாமியார், முந்நூற்று நாற்பது" என்று வந்தபோது மட்டும் என் விரல் நின்றது.

அண்ணன் வீட்டோடு மாப்பிள்ளை. அவருடைய மாமியார்தான் எங்கள் அலுவலகக் கேன்டீனை நடத்துகிறார். கணவர் போனபின் நான்கு பெண்களை இந்தக் கேன்டீன் அடுப்பை வைத்தே வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர். நாங்கள் எல்லோரும் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவோம், பயத்தில். எங்கள் அலுவலகத் தலைவரே டீ குடித்துவிட்டு டம்ளரைத் தானே கழுவி வைக்கிறவர். லாரியில் மலைப்பாதையெல்லாம் ஏறி இறங்கிய பிரேக் அண்ணன், அத்தை இருமினால் எழுந்து நின்றுவிடுவார்.

"இத மட்டும் எங்க அத்த கண்ணுல காட்டிடாத தங்கச்சி. உன் கால்ல வேணா விழறேன்" என்றார்.

காட்டவில்லை. ஆனால் அன்றுதான் கடைசித் தேதி. நான்கு மணிக்குத் தபால் போய்விடும். ஒரு நகலை மேடத்துக்கும் ஒரு நகலை மேலிடத்துக்கும் ஒரே சமயத்தில் அனுப்பிவிட்டேன். நான் சொன்ன கால்வாசி இதுதான்.

மேலிடத்தில் அதைப் படித்தவர்கள் ஒரு நாள் முழுக்க, நிலத்தை வளைத்துப் போட்டவர்களின் ஆக்கிரமிப்புப் பட்டியல் என்று நினைத்திருக்கிறார்கள். நான்காம் நாள் ஒரு அதிகாரி வந்து இறங்கினார். அடர்த்தியான மீசை, அதைவிட அடர்த்தியான குரல். அன்றைக்குத்தான் மேடத்துக்குக் காலில் ஆபரேஷன். மயக்கத்தில் கிடப்பவரிடம் லத்தீன் கேட்க முடியுமா?

"மூத்த சகலை, ஆயிரத்து இருநூறு" என்று அதிகாரி உரக்கப் படித்தார். "கடைசி மச்சினி, எண்ண முடியவில்லை. என்னய்யா இது, செடிப் பட்டியலா, கல்யாணப் பந்தியா?"

அண்ணன் ஆடு திருடிய கள்ளன் மாதிரி முழித்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்து, டீத் தட்டோடு அத்தை உள்ளே வந்தார். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் காதில் விழ விழ, தட்டில் டம்ளர்கள் கிணுகிணு என்று ஆட ஆரம்பித்தன.

"பேருன்னா, அத வெச்சு வேற ஒருத்தர் போய்க் கண்டுபிடிக்கணும்" என்றார் அதிகாரி. "உங்களுக்கு மட்டும் புரிஞ்சா அது பேரு இல்ல, புலம்பல். நான் இத ஒத்துக்க முடியாது. வெள்ளிக்கிழமை மண் லாரி வரும்."

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன நினைத்தேனோ, "இவங்க கண்டுபிடிப்பாங்க சார்" என்று அத்தையைக் காட்டிவிட்டேன். "அந்தப் பக்கம் ஒரு நாளும் கால் வெச்சதில்ல. ஒரு செடி தெரியாது. ஆனா இந்தப் பேரெல்லாம் தெரியும்."

அண்ணன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத்தில் எழுத முடியாது.

"அஞ்சு பேரு கேக்கறேன். அஞ்சும் சரியா வந்தா ஒத்துக்கறேன்" என்றார் அதிகாரி. அத்தை மாப்பிள்ளையை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். தட்டை என் தட்டச்சுப் பொறி மேல் வைத்தார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, "வாங்க" என்றார்.

புல்வெளியைக் கடந்து சதுப்பின் ஓரத்தில் போய் நின்றோம். "மூத்த சகலை" என்றார் அதிகாரி.

அத்தை இடுப்பில் கை வைத்துச் சுற்றிலும் பார்த்தார். பிறகு நேராக, நுனியில் பழுப்புக் கதிர் நீட்டி நின்ற ஆளுயரச் சம்புக் கூட்டத்துக்குப் போனார். "இதோ நிக்கிறாரு எங்க மூத்த மாப்ள. வேல வெட்டி கிடையாது, வெறப்புக்கு மட்டும் கொறச்சல் இல்ல. வாயில சுருட்டு வேற. தட்டிப் பாருங்க, உள்ள வெறும் பஞ்சு." தட்டியும் காட்டினார். பஞ்சு பறந்து முழுவதும் அதிகாரியின் மீசையில் உட்கார்ந்தது.

"சரிதான் சார்" என்றார் அண்ணன் ஈனக்குரலில். "அந்தப் பஞ்சுதான் குருவிக் கூட்டுக்கு மெத்தை. அது நடுவுலதான் நீர்க்கோழி குஞ்சு பொரிக்கும்."

"ரெண்டாவது சகலை."

அத்தை நான்கைந்து தண்டுகளைப் பிடித்துப் பார்த்தார். ஒன்றைத் தொட்டதும் கையை உதறினார். "கோர்ட்டு குமாஸ்தா இவருதான். எந்தப் பக்கம் புடிச்சாலும் ஒரு முனை." மூன்று முனைக் கோரை. அதன் கிழங்குக்கு வாத்து உயிரை விடும் என்று அண்ணன் சேர்த்துக்கொண்டார்.

கடைசி மச்சினிக்குத்தான் கொஞ்சம் நேரமானது. அத்தை தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். மேலே பொட்டுப் பொட்டாக மஞ்சள் பூ, பச்சைக் குழந்தை மாதிரி. "இதுவா இருக்கும். வாயத் தொறக்காது. ஆனா ஊமை ஊரக் கெடுக்கும்பாங்க. அடியில என்ன பண்ணுதுன்னு பாருங்க." அண்ணன் அந்தச் செடியை மெல்லத் தூக்கிக் காட்டினார். வேரே இல்லை. இழை இழையாக, ஒவ்வோர் இழையிலும் குட்டிக் குட்டிப் பை. கிட்ட வரும் கொசுப்புழுவையெல்லாம் உறிஞ்சி விழுங்குகிற பை.

"எம் பொண்ணேதான்" என்றார் அத்தை பெருமையாக. "பந்தியில முதல்ல உக்காந்து கடைசியா எந்திரிப்பா."

"சின்ன மாமனார்" என்று அதிகாரி கேட்டபோது அத்தை நகரவே இல்லை. "அவரு உங்க பேண்ட்ல இருக்காரு சார்." குனிந்து பார்த்தால் முழங்கால் வரை ஒட்டுப்புல். "மூணு நாள்னு வந்தாரு எங்க கொழுந்தனாரு. பதினோரு வருஷம் ஆச்சு." மீசைப் பஞ்சு குலுங்க அதிகாரி சிரித்தே விட்டார். ஒட்டுப்புல் விதை இல்லாவிட்டால் சில்லைக் குருவிக் கூட்டம் பட்டினி என்று அண்ணன் சொன்னதை அவர் எழுதியும் கொண்டார். எனக்கு ஆடலாம் போலிருந்தது.

"கடைசி ஒண்ணு" என்று அதிகாரி காகிதத்தைப் புரட்டினார். "மாமியார்."

ஒரு தவளை கத்தியது.

"சார், வேற கேளுங்களேன்" என்றார் அண்ணன். "பெரியப்பாவக் கேளுங்க. அருமையான செடி."

"நான் கேட்டது மாமியார்."

அத்தை நடக்க ஆரம்பித்தார். எதிரே தண்ணீரில் வெள்ளை வெள்ளையாக அல்லி பூத்திருந்தது. யாராயிருந்தாலும் அங்கேதான் போவார்கள். நான் போவேன், நீங்களும் போவீர்கள். அத்தை அல்லிக்கு முன்னால் போய் நின்று, குனிந்து, ஒரு பூவைத் தொட்டார். தொலைந்தோம் என்று நினைத்தேன். மண் லாரி என் கண்முன்னால் வந்து நின்றது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

அத்தை நிமிர்ந்து, அல்லியை விட்டுவிட்டு, கரையோரமாகப் பத்தடி நடந்தார். இடுப்பளவுக்கு ஒரு செடி. கணுவுக்குக் கணு ஊதாப் பூ, பூவைச் சுற்றி விரல் நீளத்துக்கு முள். நீர்முள்ளி. "இது" என்றார்.

"சரியா?" என்று அதிகாரி அண்ணனிடம் கேட்டார். அண்ணன் ஆமென்று தலையாட்டினார்.

"எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"எந்தக் கணுவுல கை வெச்சாலும் ஆறு முள்ளு. வேற யாரா இருக்கும்?" என்றார் அத்தை. குரல் வழக்கம்போல அதட்டலாகத்தான் வந்தது, ஆனால் அவர் எங்கள் பக்கம் திரும்பவில்லை. "ஆம்பள இல்லாத வீட்டுல நாலு பொண்ணு சார். நான் அல்லிப் பூவா நின்னிருந்தா என்ன ஆயிருக்கும்?"

அதிகாரி, பயன் என்ற கட்டத்தில் இருந்ததைப் படித்தார். "முள்ளுக்கு நடுவில் சின்னக் குருவி கூடு கட்டும். பாம்பு, பூனை கிட்டே வராது. இலையைக் கம்பளிப்பூச்சி தின்று பட்டாம்பூச்சி ஆகும். தன்னைத் தின்னக் கொடுக்கும், தன்னிடம் வந்ததைத் தொடவிடாது. முப்பத்தொன்றில் இதுதான் முதலாவது. தெரியாமல் கடைசியில் எழுதிவிட்டேன்."

அவர் காகிதத்தை என் முதுகில் வைத்தே கையெழுத்துப் போட்டார். பேனா குத்தியது, நான் அசையவில்லை.

அத்தை இப்போதுதான் திரும்பினார். கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை.

"மாப்ள, இத நீங்களா எழுதினீங்க?"

"ஆமா அத்த."

"பன்னெண்டு வருஷம் ஒரே வீட்டுல இருக்கோம். ஒரு நாளாவது இத வாயத் தொறந்து சொல்லியிருக்கீங்களா?"

"பயமா இருந்துச்சு அத்த."

"என்ன பயம்? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?" என்று அத்தை போட்ட அதட்டலில் சம்புக்குள்ளிருந்து நீர்க்கோழி நான்கு ஒரே சமயத்தில் பறந்தன. "இனிமே பயப்படாம சொல்லணும். வாரத்துக்கு ஒரு தடவ. கேட்டுச்சா?"

அண்ணன் நடுங்கிப்போய் நிமிர்ந்து நின்றார். "சரிங்க அத்த" என்றார்.