சிசோமோவை மடியில் வைத்திருந்த பரீதா ராத்தா

ஆப்பிரிக்காவின் மலாவிக்குப் புறப்பட இன்னும் ஒன்பது நாட்கள் இருந்தன. பிள்ளைகளின் கால்களுக்குக் கட்டும் பட்டிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது பாலமுனை ஊரிலிருந்து பரீதா ராத்தாவின் மகள் அழைத்தாள்.

"உம்மா மவுத்தாகிட்டா மாமி. லுஹர் தொழுதுட்டுப் படுத்தவ, எழும்பவே இல்ல."

துக்கத்துக்கு முன் வந்தது பயம். ராத்தாவோடு போய்வந்த அந்த மலாவிப் பாதையில் இனி நான் தனியாகப் போகவேண்டும்.

அக்கா என்ற முறையில் நான் ராத்தா என்று அழைத்த அவரோடு பழகியவர்களுக்கு அவருடைய பிடிவாதம் தெரியும். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாக இருந்து ஓய்வுபெற்ற கையோடு, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு உதவும் சிறிய தொண்டு அமைப்பொன்றில் சேர்ந்தார். அதே தொழிலில் இருந்த என்னையும் விடாமல் இழுத்துச் சேர்த்தார். அந்த அமைப்பு எங்களை மலாவிக்கு அனுப்பியது.

அங்கே ஏரிக்கரைக் கிராமமொன்றில் சிசோமோவைக் கண்டோம். ஏழு வயது. பிறந்ததிலிருந்து கால்கள் விறைத்தவள். ராத்தா பயிற்சியைத் தானே கொடுக்காமல், தாயின் கைகளைப் பிடித்துச் செய்வித்தார். "நாம போயிருவம் புள்ள. இஞ்ச இரிக்கப் போறது உம்மாட கைதான்" என்றார் என்னிடம்.

இரண்டாவது பயணத்தில், சக்கர நாற்காலிக்கு அளவெடுப்பதற்காக சிசோமோவை நகரத்துக்குக் கூட்டிப்போனோம். தாய்க்குக் கைக்குழந்தை இருந்தது, சம்மதித்து அனுப்பிவைத்தாள். இரண்டு ஊர் தாண்டியதும் வீதியில் மரமொன்று குறுக்கே கிடந்தது. ஊனமுற்ற பிள்ளைகளை வெளியாட்கள் கடத்துகிறார்கள் என்று அந்த வாரம் வதந்தி பரவியிருந்தது எங்களுக்குத் தெரியாது. மண்வெட்டியும் கத்தியுமாக ஆட்கள் வாகனத்தைச் சூழ்ந்தார்கள். கல்லொன்று பட்டு வாகனக் கண்ணாடி வெடித்தது. இறங்க வேண்டாம் என்று சாரதி கெஞ்சினார். நான் கலிமாவை முணுமுணுக்கத் தொடங்கினேன்.

ராத்தா கதவைத் திறந்தார். அவருடைய கையைப் பிடித்து இழுத்தேன்.

"விடு புள்ள. உள்ளுக்க இருந்தா கள்ளர் மாதிரித்தான் தெரியும்."

சிசோமோவைத் தூக்கிக்கொண்டு இறங்கி, எல்லோரும் பார்க்க நடுவீதிப் புழுதியில் குந்தினார். தாயைக் கூட்டிவரும்படியும், அவள் வரும்வரை நாங்கள் அசையப்போவதில்லை என்றும் சாரதியைக் கொண்டு சொல்லச் செய்தார். பிறகு அழுதுகொண்டிருந்த பிள்ளையின் கால்களை மெல்ல நீவத் தொடங்கினார். கத்தி வைத்திருந்த ஒருவர் அவருடைய தலைக்கு மேலேயே நின்றார். ராத்தா நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஒரு மணி நேரத்துக்குப் பின், குழந்தையை முதுகில் கட்டியபடி ஊரார் ஒருவரின் மோட்டார்சைக்கிளில் தாய் வந்தாள். பிள்ளையை அனுப்பியது தானே என்று அவள் கூட்டத்தைப் பார்த்துச் சத்தம் போட, கத்திகள் தாழ்ந்தன. ஆட்களே மரத்தை இழுத்துப் போட்டார்கள்.

வாகனம் நகர்ந்ததும் ராத்தா ஜன்னலுக்கு வெளியே வாந்தியெடுத்தார்.

"பயமில்லாம இருந்தீங்களே ராத்தா?"

"ஆர் சொன்ன? ஓடியிருப்பன். மடியில புள்ள இருந்திச்சே."

நான் அந்த ஊராரைத் திட்டினேன். அவர் என்னை மறித்தார்.

"பிழை நம்மட. பாலமுனையில ஆரோ வெளிநாட்டார் நம்மட புள்ளய வேன்ல ஏத்தினா பாத்துக்கிட்டா நிப்பம்? அவங்கட பயம் ஞாயமான பயம்."

அன்றிலிருந்து தாயோ தகப்பனோ கூட ஏறாமல் எங்கள் வாகனம் எந்தப் பிள்ளையையும் ஏற்றியதில்லை.

ஒன்பதாம் நாள் நான் புறப்படுவேன். அந்த வீதியை நினைத்தால் இப்போதே பயமாக இருக்கிறது. அதை மறைக்கப்போவதில்லை. ராத்தாவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது துணிச்சல் அல்ல. பிறர் பிள்ளையைத் தொடுமுன் நடுங்கவேண்டும் என்ற அறிவு. அல்லாஹ் அவருடைய கப்றுக் குழியை விசாலமாக்கட்டும்.