மாத்திரையோடு பஸ் ஏறிய ரோஸ்லின் சிஸ்டர்

வடசேரிச் சந்தையில் ஏத்தன் வாழைக்காய் வாங்கிக்கொண்டிருந்தபோது ஃபோன் வந்தது. நான் வேலை பார்த்த இல்லத்தில் முன்பு சமையல் பார்த்த பெண். "மேடம், நம்ம ரோஸ்லின் சிஸ்டர் மரிச்சிட்டாவ. காலையிலயாம்" என்றாள். புற்றுநோய் என்று தெரியும்; இத்தனை சீக்கிரம் என்று தெரியாது. அவர் படுத்த பிறகு ஒருமுறைகூடப் போய்ப் பார்க்காதவள் நான். காயை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

சிஸ்டரை உங்களில் பலருக்குத் தெரியும். அஞ்சுகிராமம் பக்கத்து கிளினிக்கில் அவர் கையால் ஊசி போட்டுக்கொண்டவர்கள் இருப்பீர்கள். எனக்கு அவர் பழக்கமானது அதற்கு முன்னால், பெண் பிள்ளைகளுக்கான ஒரு கூர்நோக்கு இல்லத்தில். வழக்கில் சிக்கிய சிறுமிகளை விசாரணை முடியும்வரை வைத்திருக்கும் இடம் அது. நான் கண்காணிப்பாளர். அவர் செவ்வாயும் வெள்ளியும் வந்து பிள்ளைகளின் உடம்பைப் பார்த்துப்போகும் ஒப்பந்த நர்ஸ். எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம்.

புதிதாக வரும் பிள்ளையிடம் அவர் கேள்வி கேட்பார். பதிலை நான் சொல்வேன். வயிற்றுவலி உண்டா என்றால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல சிஸ்டர், நல்லாத்தான் திங்கா" என்பேன். ஒருநாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நோவு ஒங்களுக்கா மேடம், அவளுக்கா? கொஞ்ச நேரம் வெளிய இருங்க." என் அறையிலிருந்து என்னையே வெளியேற்றினார். வராந்தாவில் நின்று பொருமினேன். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

பிள்ளைகளும் லேசில் வாய் திறக்க மாட்டார்கள். சீக்கு என்று சொன்னால் வீட்டுக்கு விடுவது தள்ளிப்போகும் என்று அவர்களுக்குள் ஒரு பயம். எதைக் கேட்டாலும் இல்லை என்பார்கள். சிஸ்டர் ஃபாரத்தை ஓரமாக வைத்துவிட்டு, பேன் சீப்பை எடுத்துப் பிள்ளையைத் திருப்பி உட்காரவைப்பார். "மொகத்தப் பாத்துச் சொல்லாதது தலையக் குனிஞ்சா சொல்லும்" என்பார். பல்வலி, வெள்ளைப்படுதல், வீட்டில் பட்ட அடி எல்லாம் அப்படித்தான் வெளியே வந்தன.

மார்த்தாண்டத்துக்கு அப்பாலிருந்து ஒரு புதன்கிழமை ஒரு பிள்ளை வந்தாள். பெயரைச் சொல்லக் கூடாது என்பது சட்டம். சொல்ல எனக்கும் மனமில்லை. வழக்கம்போல அவள் பையை வாங்கி அலமாரியில் பூட்டினேன். வெள்ளிக்கிழமை காலை சாப்பாட்டுத் தட்டோடு கீழே விழுந்து கைகால் வெட்டி இழுத்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் ஓடிவிடலாம் என்று நடிக்கிறாள் என்றேன் நான். அப்போது உள்ளே வந்த சிஸ்டர் என்னை விலக்கிவிட்டு அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தார்.

அவள் தெளிந்த பிறகு, "ஏட்டி மக்கா, நீ குளிகை ஏதும் தின்னுவியா?" என்று கேட்டார்.

"பையில உண்டு சிஸ்டர். கேட்டா ஏசுவாவளோன்னு கேக்கல்ல."

பையிலிருந்த சோப்பு டப்பாவுக்குள் வலிப்பு மாத்திரைகள் இருந்தன. அன்றிலிருந்து எந்தப் பிள்ளை வந்தாலும் முதலில் பையைத் திறந்து பார்ப்பது என்று ஆயிற்று. சிஸ்டர் என்னிடம் இன்னொன்றும் சொன்னார். "வீட்டுக்குப் போவும்ப குளிகையை அம்மைக்கக் கையில குடுத்து விடணும், மேடம். ரெண்டு நாள் விட்டாலும் ஆபத்தாக்கும்."

அந்தப் பிள்ளையை விடுவித்ததும் ஒரு வெள்ளிக்கிழமைதான். சிறார் நீதிக் குழுமத்தில் உத்தரவு கிடைத்ததும் இல்லத்துக்குத் திரும்பாமல் அப்படியே தாயோடு போய்விட்டாள். மாத்திரை என் அலமாரியில் இருந்ததைச் சாயங்காலம், சிஸ்டர் வந்து போன பிறகுதான் பார்த்தேன். பை வாங்கத் தாய் திங்கட்கிழமை வருவாள், அப்போது கொடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை அவள் வரவில்லை. சிஸ்டருக்கு ஒரு ஃபோன் போட்டிருக்கலாம். போடவில்லை.

செவ்வாய்க்கிழமை வந்த சிஸ்டர் அதைப் பார்த்தார். மாத்திரையை எடுத்துத் தோள்பையில் போட்டுக்கொண்டு, "வாங்க மேடம், போவோம்" என்றார். மார்த்தாண்டம் வரை பஸ், அங்கிருந்து ஆட்டோ. வீட்டு முன்னால் தார்ப்பாய் கட்டி நாற்காலி போட்டிருந்தார்கள். முந்தின நாள் கால்வாயில் குளிக்கப் போன இடத்தில் வலிப்பு வந்து, பிள்ளை தண்ணீரில் முங்கிப் போய்விட்டாள்.

தாய் எங்களை அடையாளம் கண்டுகொண்டாள். "எனக்க பிள்ளைக்கக் குளிகையை ஏன் குடுத்து விடல்ல?" என்று கேட்டாள்.

"நாந்தான் அம்மா குடுத்து விட்டிருக்கணும். எனக்க தப்பாக்கும்" என்றார் சிஸ்டர்.

அந்தத் தாய் மண்ணை வாரி அவர்மேல் எறிந்து சபித்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் சேலையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே, "அவியளுக்கு ஏசதுக்கு ஒரு ஆளு போதும் மேடம். ஒங்களுக்கு அங்க பாக்கதுக்கு மத்த பிள்ளைய உண்டு" என்றார். மேலிடத்து விசாரணையிலும் தன் தப்பு என்றே எழுதிக் கொடுத்தார். அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. எனக்கோ ஓய்வு பெறும் நாளில் மாலை போட்டு அனுப்பினார்கள்.

நேற்று அடக்க ஆராதனையில் போதகர் அவருடைய சேவையைப் பற்றி நிறையப் பேசினார். இல்லத்தில் அவர் வேலை பார்த்ததை மட்டும் நாசூக்காக விட்டுவிட்டார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து அழுதேன்.

அவரிடமிருந்து எனக்கென்று இருப்பது, எனக்காக அவர் சொன்ன அந்தப் பொய் ஒன்றுதான். மாத்திரையைக் கொடுத்து அனுப்பாதவள் நான். அந்தத் தாய் இன்றும் சிஸ்டரைத்தான் சபித்துக்கொண்டிருப்பாள். அந்த வீட்டுக்கு வழி எனக்கு நன்றாகத் தெரியும். நாளைக் காலை மார்த்தாண்டம் பஸ் ஏறுகிறேன். சிஸ்டர் உயிரோடு இருக்கும்போதே ஏறியிருக்க வேண்டும்.