மடியில் மோட்டார்

என் அக்கா தையல்காரி. வீட்டைவிட்டு எங்கே கிளம்பினாலும், தையல் மிஷினின் மோட்டாரைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் கிளம்புவாள். மோட்டார் இல்லாத மிஷினை யாரும் வாங்கமாட்டார்கள் என்பது அவள் கணக்கு. அத்தானின் ஆன்லைன் சீட்டாட்டம் அவளுடைய முதல் மிஷினை விழுங்கியது. அவள் குளித்துவிட்டு வருவதற்குள் அதை விற்றுவிட்டார்.

அவர் ஆட்டத்தை விட்டு நான்கு வருடம் ஆகிறதாம். சூதிலிருந்து மீண்டவர்களின் சங்கத்தில் போன வாரம் அவருக்குப் பாராட்டு விழா. ஆளாளுக்குப் புகழ்ந்து அவரை மகானாக்கிவிட்டார்கள். அத்தனை வருடமும் தைத்துத் தைத்துச் சோறு போட்டவளைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவோ மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அதான் திருந்திட்டாரே அக்கா, இன்னுமா இதைச் சுமக்குற?" என்று கேட்டேன்.

"இதுக்கு முன்னாடியும் ரெண்டு தடவை திருந்தினாருடி."

போட்டோவுக்காக அவளையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். பையோடுதான் ஏறினாள்.

"குடு, நான் வச்சுக்கிறேன்" என்று அத்தான் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

அக்கா பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். கீழே எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.