விசாலாட்சி டீச்சரின் ரவிக்கை நோட்டு

செய்தி தெலுங்கில் வந்தது. திருப்பதியிலிருந்து விசாலாட்சி டீச்சரின் தம்பி மகள் எழுதிய கார்டு. அவள் தெலுங்குப் பள்ளியில் படித்தவள். நான் தெலுங்கை எழுத்துக்கூட்டிப் படிப்பவள். மூன்றாவது வரிக்கு வந்த பிறகுதான் இறந்தவர் யார் என்று புரிந்தது. கார்டு வந்து சேர்வதற்குள் காரியமும் முடிந்திருந்தது.

சித்தூரில் பெண்கள் பள்ளி ஒன்றில் விசாலாட்சி தையல் டீச்சர், நான் சரித்திர டீச்சர். இருவருக்கும் ஒரே வயது. கடைசிவரை ஒருவரையொருவர் ‘டீச்சர்’ என்றே கூப்பிட்டுக்கொண்டோம். அவரிடம் பொத்தானுக்குக் காஜா எடுக்கக் கற்றவர்களுக்கு அவருடைய கண்டிப்பு நினைவிருக்கும். நான் அறிந்த வேறு சிலவற்றை இங்கே எழுதுகிறேன்.

ஆசிரியர் அறையில் எல்லோரும் காபி குடிப்பார்கள். டீ என்றால் லாரிக்காரர்கள் குடிப்பது என்று அப்போது ஓர் எண்ணம். விசாலாட்சி தையல் அறையில் ஸ்டவ் வைத்து டீ போடுவார். எனக்கும் டீதான் பிடிக்கும் என்பதை வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டார். “காபி விருந்தாளிங்களுக்கு டீச்சர். டீ நமக்கு” என்றார். மத்தியானங்களில் அந்த அறைதான் எங்கள் இடம்.

அவர் போட்டதெல்லாம் அவருடைய அம்மா காலத்து ரவிக்கைகள். பஃப் கை, கழுத்தில் லேஸ், முதுகில் வரிசையாகத் துணிப் பொத்தான்கள். மாணவிகள் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். எனக்கும் பழைய துணிகள் மேல் பைத்தியம் உண்டு, ஆனால் போட்டுக்கொள்ளத் துணிச்சல் கிடையாது. விடுமுறைகளில் இருவரும் கிராமங்களுக்குப் போய்ப் பழைய ரவிக்கைகளைப் பார்ப்போம். அவர் எதையும் விலைக்குக் கேட்டதில்லை. வெட்டியிருக்கும் விதத்தை நோட்டில் வரைந்துகொண்டு, தைத்தவள் பெயரையும் எப்போது தைத்தாள் என்பதையும் பக்கத்தில் எழுதுவார். “உங்க சரித்திரத்துல ராஜாவுக்கு யார் சட்டை தைச்சாங்கன்னு இருக்கா?” என்று ஒருமுறை கேட்டார். இல்லை என்றேன்.

நகரிக்குப் பக்கத்தில் ஒரு ஊர். எல்லைப் பேச்சு சூடாக இருந்த கோடை அது. மரத்தடியில் இருந்த ஆண்கள், “நீங்க ஆந்திராவா, மெட்ராஸா?” என்று கேட்டார்கள். “நாங்க துணி பார்க்க வந்தோம்” என்று சொல்லிவிட்டு விசாலாட்சி சேரிப் பக்கம் நடந்தார்.

அங்கே முனியம்மா என்ற பெண் பானையிலிருந்து ஒரு சிவப்பு ரவிக்கையை எடுத்துக் காட்டினார். நிறம் போய், கக்கத்தில் ஒட்டுப் போட்டிருந்தது. “எங்க நைனா சந்தையில துணி வாங்கினு வந்தாரு. நானே தைச்சேன். போட்டுக்கினு ஊர்த்தெரு வழியா போனேன். நாங்க ரவிக்கை போடக்கூடாதாம், கயட்டுடின்னாங்க. கயட்டல. மறுநாளும் அதையே போட்டுக்கினு அதே தெருவுல போனேன்.”

“அடிச்சாங்களா?” என்று விசாலாட்சி கேட்டார்.

“அடிச்சாங்க. அப்பாலயும் போனேன்.”

நாங்கள் கொண்டுபோன டீத்தூளில் முனியம்மா வெல்லம் போட்டு டீ வைத்துக் கொடுத்தார். விசாலாட்சி உடனே குடித்தார். நான் ஒரு கணம் தயங்கிவிட்டுக் குடித்தேன். முனியம்மா அதைக் கவனித்தார் என்பது எனக்குத் தெரியும். “பேரை எழுதிக்கட்டுமா?” என்று விசாலாட்சி கேட்டபோது, “எழுது. ஊருக்குத் தெரியட்டும்” என்றார்.

அந்த வருடம் பள்ளி மலரில் இதை நான் கட்டுரையாக எழுதினேன். வம்பு வருமோ என்று பயந்து, பெயரை விட்டுவிட்டு ‘ஒரு பெண்’ என்று போட்டேன். விசாலாட்சியிடம் கேட்கவில்லை. மலர் வந்த அன்று அவர் அதைப் படித்துவிட்டு மேசைமேல் வைத்தார். “அவ குடுத்ததே பேரு ஒண்ணுதான். அதை எடுத்துட்டீங்களே.” அதன் பிறகு எனக்கு டீ இல்லை. எதிரில் வந்தால் தலையசைப்பதோடு சரி.

மூன்று வாரம் பொறுத்தேன். பிறகு தனியாகப் பஸ் ஏறிப் போய் முனியம்மாவுக்குக் கட்டுரையைப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார். “இதுல நான் எங்க கீறேன்?” என்றார். கோபம் இல்லாமல்தான் கேட்டார்.

திரும்பி வந்து, பள்ளியில் மிச்சமிருந்த எல்லாப் பிரதிகளிலும் ‘ஒரு பெண்’ என்பதை அடித்து, மேலே முனியம்மா என்று பேனாவால் எழுதினேன். நூலகத்தில் நான் எழுதிக்கொண்டிருந்ததை விசாலாட்சி வாசலில் நின்று பார்த்தார். உள்ளே வந்து, பாதிப் பிரதிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அவரும் எழுதத் தொடங்கினார். மன்னிப்பு என்ற பேச்சே எங்களுக்குள் எழவில்லை.

எல்லை முடிவானதும் என் கணவருக்குத் திருத்தணியில் வேலை. நான் இந்தப் பக்கம் வந்துவிட்டேன். விசாலாட்சி உடம்பு சரியில்லாமல் தம்பி வீட்டோடு திருப்பதிக்குப் போனார். போன தையில் பார்க்கப் போனபோது மெலிந்திருந்தார். நாங்கள் ரவிக்கை பார்க்கப் போகாத ஊர்களின் பட்டியல் ஒன்றை எடுத்துப் பாதியாகக் கிழித்தார். “இதெல்லாம் உங்க பக்கம் வந்துடுச்சு. எனக்கு இனி பஸ் ஏற முடியாது. நீங்க போங்க” என்று கொடுத்தார்.

அதில் ஒன்பது ஊர்கள் இருக்கின்றன. அவர் இருந்தவரை ஒன்றுக்குக்கூட நான் போகவில்லை. வீட்டு வேலை, மழை என்று காரணங்கள் இருந்தன. கார்டு வந்த பிறகு இரண்டு ஊர்களுக்குப் போய், ரவிக்கைகளை வரைந்து, தைத்தவர்கள் பெயரையும் எழுதிக்கொண்டு வந்தேன். வரும் சனிக்கிழமை மூன்றாவதற்குப் போகிறேன்.