ஸ்கோரை மறைத்த பெருவிரல்

லண்டன் வெம்பிளி கிடங்கில் என்னோடு வேலை செய்தவர் அந்த அண்ணை. மகன் கூடைப்பந்து ஆடும் அமெரிக்கக் கல்லூரியின் சிவப்புப் பனியன்தான் எப்போதும் போட்டிருப்பார். இரவு நடந்த ஆட்டத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் போனில் பார்ப்பார். முடிவு முன்கூட்டியே தெரியக்கூடாதென்று ஸ்கோரைப் பெருவிரலால் மறைத்துக்கொள்வார்.

சீசன் கடைசியில் கல்லூரிகளின் நாக்அவுட் போட்டி வந்தது.

"வெல்லுவினமோ அண்ணை?" என்று கேட்டேன்.

"தோத்தா நல்லம். மகன் அமெரிக்கா போனதிலயிருந்து வீட்டுப்பக்கம் வரேல்லை. தோத்தா சீசன் முடிஞ்சிடும், வாறன் எண்டவன்."

மகனின் அணி முதல் ஆட்டத்திலேயே தோற்றுவிட்டது. அவர் எழுந்து வேலைக்குப் போனார்.

இரண்டு கிழமை கழித்தும், தோற்ற அதே ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மகன் வந்திட்டாரோ?"

"வர ஏலாதாம்."

பெருவிரல் அப்போதும் ஸ்கோரை மறைத்துக்கொண்டுதான் இருந்தது.