பாதிக் கூறு

வெள்ளவத்தைச் சந்தையில் காலையில் மரக்கறி வாங்குகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். போஞ்சியை ஒடித்துப் பார்த்து, வெண்டிக்காயின் நுனியை முறித்துப் பார்த்து, கிலோக் கணக்கில் வாங்கிக்கொண்டு போவார்கள். பாலேஸ்வரி போவது பொழுது படுகிற நேரத்தில். விற்று மிஞ்சியதை வியாபாரிகள் அப்போது தராசில் போடுவதில்லை. சாக்கை விரித்துச் கும்பம் கும்பமாகக் குவித்துவிடுவார்கள். அதுதான் கூறு. மலிவுக்குக் குறைவில்லை, ஆனால் ஒரு கூறு கத்தரிக்காய் பெரிய குடும்பத்துக்கே தாராளமாகக் காணும். மண்ணெண்ணெய்க் குக்கரும் இரண்டு சட்டியும் வைத்திருக்கிற தனிமனுஷி அதை என்ன செய்வாள்? இரண்டு நாள் கத்தரிக்காயே தின்று, மிச்சத்தை அழுகவிட்டு, தன்னைத் தானே ஏசிக்கொள்ளுவாள்.

பாலேஸ்வரி அப்படித்தான் ஏசிக்கொண்டிருந்தாள். யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த அடுத்த வருடம், புருஷனை வன்னியில் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, வவுனியாவில் பயண அனுமதிப் பாஸுக்குத் தவம் கிடந்து கொழும்புக்கு வந்து சேர்ந்தவள். ஒரே மகன் ரொறன்ரோவில். கூப்பிடுகிறேன், அதுவரை வெள்ளவத்தையில் இருங்கள் அம்மா என்று ஒரு வீட்டின் பின்னறையை வாடகைக்கு எடுத்துக் கொடுத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்காரரின் போனுக்கு எடுப்பான். சுகமோ, சாப்பிட்டனீங்களோ, விசா வரும் என்பான். அதோடு அந்தக் கிழமைக்கான கதை முடிந்துவிடும். மற்ற நாட்களில் பாலேஸ்வரியின் குரலைக் கேட்டவர் என்று யாரும் இல்லை.

வீட்டுக்காரர் சண்முகலிங்கம் நல்ல மனுஷன்தான், ஆனால் பயந்த சுபாவம். அவள் வந்த அன்றே, ஆரோடும் அதிகம் கதைக்க வேண்டாம், பெயரும் விலாசமும் ஒருவருக்கும் சொல்ல வேண்டாம், ஆர் எவர் என்று தெரியாத காலம் என்று பாடம் எடுத்துவிட்டார். பொலிஸில் பதிந்த துண்டு கையில் இருந்தும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற காலம். பாலேஸ்வரி அந்தப் பாடத்தை நன்றாகவே படித்துக்கொண்டாள்.

கண்ணாடி அம்மாவை அவள் சந்தித்தது மரக்கறி வியாபாரி ஷிப்லி விரித்த சாக்கடியில். ஒரே கத்தரிக்காய்க் கூறில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கை வைத்துவிட்டார்கள். தடித்த கண்ணாடி போட்ட, பாலேஸ்வரியின் வயதுக்காரி. விட்டுக்கொடுக்கிறதுபோல இருவருமே கையை எடுத்தார்கள், ஆனால் ஒருத்தியும் நகரவில்லை.

"நீங்களும் தனியோ?" என்று கண்ணாடி அம்மா கேட்டாள். "அப்ப பாதி பாதியா எடுப்பமே?"

பூட்டிக் கிடந்த ஒரு புடவைக்கடைப் படியில் குந்தியிருந்து பிரித்தார்கள். கண்ணாடி அம்மாவிடம் ஒரு சட்டம் இருந்தது. ஒருத்தி பிரித்தால் மற்றவள்தான் முதலில் எடுக்க வேண்டும். அவளுடைய ஊர்க் கரையில் மீன் கூறு அப்படித்தானாம், பிரிக்கிறவனுக்குக் கள்ளம் வராதாம். நல்ல சட்டம்தான். ஆனால் இந்த இரண்டு மனுஷிகளிடமும் அது படாதபாடு பட்டது. பாலேஸ்வரி பிரிக்கிற நாளில் பளபளவென்று இருக்கிற காயையெல்லாம் ஒரு பக்கம் சேர்ப்பாள், அவள் எடுக்கட்டும் என்று. கண்ணாடி அம்மா ஒன்றும் தெரியாதவள்போலச் சூத்தைக் காய்ப் பக்கத்தை அள்ளிப் பையில் போட்டுவிடுவாள். அடுத்த முறை அவள் பிரிப்பாள், பாலேஸ்வரி பழிவாங்குவாள். பிறகு இரண்டு பேரும் சிரிப்பார்கள். பாலேஸ்வரிக்குத் தன் சிரிப்புச் சத்தமே மறந்துபோயிருந்தது.

அந்தப் படியில் இருந்து அவர்கள் கதைக்காதது இல்லை. கீரையை ஈரத் துணியில் சுற்றி வைக்கிறது, மூட்டு நோவுக்கு எந்த எண்ணெய், வெளிநாட்டுப் பிள்ளைகளின் கஞ்சத்தனமான போன்கள். பெயரை மட்டும் ஒருத்தியும் கேட்கவில்லை. அந்த நாளைய கொழும்பில் அது மரியாதைக் குறைவு இல்லை, அதுதான் மரியாதை.

ஆனால் ஒருநாள் கண்ணாடி அம்மா சும்மா வாய் தவறிக் கேட்டுவிட்டாள். "நீங்கள் எவடத்தை இருக்கிறியள்?"

பாலேஸ்வரிக்குச் சண்முகலிங்கத்தின் முகம் வந்து முன்னால் நின்றது.

"பம்பலப்பிட்டியில," என்றாள். "கதிரேசன் கோயிலடி."

பொய் சொல்வது சுலபம், அதைக் கட்டிக் காப்பதுதான் பெரும்பாடு. பம்பலப்பிட்டிக்காரி என்று சொன்னபிறகு அந்தத் திசைக்குத்தானே போகவேண்டும்? அன்றிலிருந்து கூறு பிரித்த பிறகு பாலேஸ்வரி தெருவைக் கடந்து கோட்டைப் பக்கம் போகிற பஸ்ஸுக்கு நின்றாள். கண்ணாடி அம்மா தெஹிவளைப் பக்கமாக நடந்து காலி வீதிச் சனத்துக்குள் மறைந்த பிறகு, மெல்ல அதே திசையில் தன் அறைக்குப் போனாள். ஒருநாள் மழை. கண்ணாடி அம்மா குடையோடு கூடவே வந்து, பஸ் வரும்வரை நின்று, ஏற்றியும் விட்டாள். பாலேஸ்வரி அடுத்த தரிப்பில் இறங்கி, வாய்க்கால் பாலத்துச் செக்பொயின்றில் பையைத் திறந்து பூசணிக்காயைக் காட்டிவிட்டு, நனைந்து நனைந்து திரும்பி வந்தாள். கூறில் மிச்சம் பிடித்தது பஸ்ஸோடு போயிற்று. அன்று சிரிப்பு வந்தது. அறைக் கதவைத் திறந்தபோது அது நின்றுவிட்டது.

பிறகு நகரத்தில் குண்டு வெடித்தது. தெருத் தெருவாகச் சோதனை. பாலேஸ்வரியின் பொலிஸ் பதிவும் முடிகிற தறுவாயில் இருந்ததால், அது புதுப்பிக்கப்படும்வரை வெளியில் இறங்கவே வேண்டாம் என்று சண்முகலிங்கம் கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு கிழமைக்கு மேல் பருப்பும் சோறுமாய் அறைக்குள் கிடந்தாள். பயம் இருந்தது, இல்லையென்றில்லை. ஆனால் பயத்தைவிட அந்தப் படிதான் மனதில் நின்றது. எனக்கு இந்தக் கொழும்பில் இருக்கிறது அந்த ஒரு மனுஷி, அவளிடம் போய்ப் பொய் சொன்னேனே என்று வெட்கமாக இருந்தது. அடுத்த முறை பெயரைச் சொல்லுவது, அறைக்குக் கூட்டிக்கொண்டு வந்து தேத்தண்ணி போட்டுக் கொடுப்பது என்று முடிவெடுத்தாள். சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்லியும் பார்த்தாள். நான் பம்பலப்பிட்டியில இல்லை, இஞ்சைதான், என்ரை பேர் பாலேஸ்வரி.

பதிவு சரிவந்த அன்றே சந்தைக்குப் போனாள். ஷிப்லியிடம் கத்தரிக்காய்க் கூறு இருந்தது. வாங்கிக்கொண்டு படியில் போய் இருந்தாள். இருட்டத் தொடங்கியது, ஒருவரும் வரவில்லை. ஷிப்லிதான் சாக்கை மடித்து வைத்துவிட்டு வந்தான்.

அந்த அம்மாவுக்குத் திடீரென்று விசா வந்துவிட்டதாம். டென்மார்க்கில் மகளிடம் போய்விட்டாளாம், முந்தாநாள். போவதற்கு முன் ஒவ்வொரு பின்னேரமும் வந்து இந்தப் படியில் இருந்தாளாம். வெள்ளிக்கிழமை பம்பலப்பிட்டிக்கே போய், கோயில் வாசலில் பூசை முடியும்வரை நின்று, வெளியே வந்த முகமெல்லாம் பார்த்தாளாம்.

"பொலிஸ்காரன் வந்து யாருக்கு நிக்கிறீங்கனு கேட்டானாம்," என்றான் ஷிப்லி. "பேர் தெரியலயாமே, என்னத்தச் சொல்ற? அவங்க வேதக்காரங்க வேற, சர்ச்சுக்குப் போறவங்க, செலீன்னு பேரு. கோயில்ல என்ன வேலைனு அதட்டி, கார்டைப் பாத்துட்டு அனுப்பிட்டானாம்."

செலீன். பாலேஸ்வரி அந்தப் பெயரை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

ஷிப்லி தன் மரக்கறிப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு போத்தலைக் கொண்டுவந்து கொடுத்தான். வறுத்து இடித்த மிளகாய்த் தூள். மகளுக்கென்று இடித்ததில் பாதி என்று சொல்லச் சொன்னாளாம். போத்தல் கழுத்துவரை நிறைந்திருந்தது. பாதியாம்! சண்டாளி, கடைசியிலும் நல்ல பக்கத்தை எனக்குத் தள்ளிவிட்டுப் போய்விட்டாள் என்று நினைத்தபோது பாலேஸ்வரிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"போற அன்னைக்கிக் காலைலயும் வந்தாங்க," என்றான் அவன். "நீங்க வந்தா வீட்டுக்கு அனுப்பச் சொன்னாங்க. பெற்றோல் ஷெட்டுக்கு இந்தப் பக்கத்து லேன், பச்சக் கேட்டு. நீங்க பம்பலப்பிட்டில எவடம்னு தெரிஞ்சா நானே வந்து சொல்லியிருப்பேன்."

பாலேஸ்வரி போத்தலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் பம்பலப்பிட்டியில இல்லை, தம்பி," என்றாள். "இஞ்சைதான். ஷெட்டுக்கு அந்தப் பக்கத்து லேன். என்ரை பேர் பாலேஸ்வரி."

ஷிப்லி அவளைப் பார்த்தான்.

அன்று அவள் பஸ் தரிப்புக்குப் போகவில்லை. காலி வீதியால் நேரே நடந்தாள். ஷெட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த லேனில் பச்சைக் கேட் தெருவிலிருந்தே தெரிந்தது, உள்ளே விளக்கு இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஷெட்டைக் கடந்து தன் லேனுக்குத் திரும்பினாள். பெரிய தூரம் இல்லை. பை மட்டும் கனத்தது, முழுக் கூறும் அதற்குள்ளேயே இருந்தது.